திருமுக்கூடல் கல்வெட்டும் எங்கள் பூட்டன் வாங்கிய கல்யாணக் கடனும்

மாட்டுப்பொங்கலன்று பழைய சீவரத்துக்கும் திருமுக்கூடலுக்கும் நடுவே பாலாற்றில் கால் வைக்க இடம் இருக்காது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் மலையேறி இறங்கி ஆற்றைக் கடந்து வருவார். சுற்று வட்டாரத்துப் பெருமாள்களும் திருமுக்கூடலில் வந்து கூடுவார்கள். பார்வேட்டை என்று பெயர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் கரும்பும் பலூனும் பஜ்ஜியும் விற்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான், எங்கள் சமூகப் பணியை நன்றாக அறிந்த, ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சொன்னார்: "நான் தப்பாச் சொல்லல சார். உங்க ஜனங்களுக்குச் சம்பாதிக்கத் தெரியுது. குடும்பத்தைக் கட்டிக்காக்கத்தான் தெரியல. பொறுப்பு இல்ல."

அவர் கெட்டவர் அல்ல. எங்கள் பிள்ளைகளின் படிப்புக்குக் கையொப்பம் இட்டுக் கொடுத்தவர். அதனால்தான் அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது. வெறுப்பில் சொல்லியிருந்தால் துடைத்துப் போட்டுவிடலாம். அக்கறையோடு சொன்னார். அன்று எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அப்படியெல்லாம் இல்லைங்க ஐயா" என்று டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம். அன்று சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தக் கட்டுரை.

பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் கோயில் சுவரிலேயே அதன் முதல் பகுதி இருக்கிறது.

பொறுப்புக்கு நெல் அளந்த கல்வெட்டு

திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழன் கல்வெட்டைப் பற்றிப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். 1063 முதல் 1070 வரை ஆண்டவன் அவன். அவன் காலத்தில் இந்தக் கோயிலில் ஒரு பள்ளி, மாணவர் விடுதி, மருத்துவமனை மூன்றும் நடந்தன. மருத்துவமனைக்கு 'வீரசோழன்' என்று பெயர். கல்வெட்டு அதை ஆதுலர் சாலை என்கிறது. 15 பேர் படுத்துச் சிகிச்சை பெறலாம். வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளுக்கு மருந்தும் சோறும் ஊட்டப் பெண்கள், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். இருப்பில் வைக்க வேண்டிய சுமார் 20 மருந்துகளின் பெயர்கள். இரவு எரியும் விளக்குக்கு எண்ணெய்.

எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. வைத்தியருக்கு நிலத்தோடு சேர்த்து ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். கத்தி எடுத்து ரத்தத்தைத் தொட்டு அறுவை செய்தவருக்கு 30 கலம். நாவிதருக்கு 15 கலம். வேதமும் இலக்கணமும் படித்த மாணவர்களுக்குச் சோறு, படுக்கப் பாய், சனிக்கிழமை முழுக்குக்கு எண்ணெய் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கல்வெட்டை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. 950 ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தது வியப்பானதுதான். நாங்கள் சுட்ட விரும்புவது வேறு. ஒரு மாணவனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, என்ன மருந்து, அந்தச் செலவு எந்த ஊர் வருமானத்திலிருந்து என்பதையெல்லாம் அந்தக் காலத்து அரசு உட்கார்ந்து யோசித்து, கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாய் இந்தச் செலவுகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதாவது, பொறுப்பு என்பது நல்ல மனதால் மட்டும் நிறைவேறுவதில்லை என்று சோழர்களுக்குத் தெரிந்திருந்தது. பொறுப்புக்குப் பின்னால் நிலம் வேண்டும், நெல் வேண்டும்.

அந்த 15 படுக்கைகளும் யாருக்கு? வேத மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும். ஒதுக்கிய நெல்லை விதைத்து, நட்டு, அறுத்து, போரடித்துத் தூற்றியவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே படுத்தார்கள்? அதைக் கல்வெட்டு சொல்லவில்லை. அளந்த கலங்கள் இருக்கின்றன, விளைத்த கைகள் இல்லை.

அதே சோழர் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் எங்கள் குடியிருப்புகளின் பெயர் வருகிறது. ஊருக்கு ஊர் நிலக்கணக்கு எழுதும்போது வரி விதிக்காமல் கழித்துவிட வேண்டிய நிலங்கள் என்று ஒரு பட்டியல் தருகிறார்கள். ஊர் நத்தம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் அந்தப் பட்டியலில் நிற்கின்றன. வரிக்கணக்கிலிருந்து கழித்த நிலத்தில் குடியிருந்தவர்கள் நாங்கள். கழிக்கப்பட்டது நிலம் மட்டும்தானா என்பதை வாசிப்பவர்களே முடிவு செய்யட்டும்.

திருமுக்கூடலுக்குத் தெற்கே உத்திரமேரூர். 919, 921 ஆம் ஆண்டுகளின் பராந்தகன் கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தல், உலகுக்கே மக்களாட்சி கற்பித்த ஊர் என்று எல்லாக் கட்சி மேடைகளிலும் பெருமை பேசுவார்கள். அது பிராமணர்களின் சபை, வேளாளருக்கே அதில் இடமில்லை என்பதை எந்த மேடையும் சொல்வதில்லை. அது போகட்டும். அந்தச் சபைக்குள்ளேயே ஓலையில் பெயர் எழுத என்ன தகுதி கேட்டார்கள் என்று பாருங்கள். வரி கட்டும் கால் வேலிக்கு மேல் சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும்.

நிலம், மனை, படிப்பு. இந்த மூன்றும் இருந்தவன்தான் பொறுப்பானவன். பெரியவர் டீக்கடையில் சொன்ன அந்தச் சொல்லுக்கு இந்த மண்ணில் 1,100 ஆண்டுகளாக இதுதான் பொருள். பிறகு எங்களிடமிருந்து அந்த மூன்றையும் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, பொறுப்பு இல்லை என்கிறார்கள்.

ஆளோலை

பெரியபுராணத்தில் சுந்தரர் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். மணப்பந்தலில் ஒரு கிழவர் வந்து, "இவன் எனக்கு வழிவழி அடிமை" என்கிறார். சுந்தரரின் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஆளோலையை வழக்காடு சபையில் காட்டுகிறார். ஓர் அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையாவதா என்று எல்லோரும் வியக்கிறார்கள். வந்தவர் சிவபெருமான் என்று கடைசியில் தெரிகிறது.

இந்தக் கதையின் பக்தியை விட்டுவிட்டு அதன் சட்டத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். பாட்டன் எழுதிக்கொடுத்தால் பேரனையும் கட்டும். அது கேட்பவர்களுக்குப் புரியும் வழக்கமாக இருந்ததால்தான் புராணத்தில் இடம்பெற்றது. அவர்கள் வியந்தது ஆளோலை என்ற ஒன்று இருப்பதைக் கண்டு அல்ல, அது ஓர் அந்தணனைக் கட்டியதைக் கண்டு. சுந்தரருக்கு அது ஒரு திருவிளையாடல். தடுத்தாட்கொண்டவர் தோழரும் ஆனார். எங்கள் பாட்டன்களைத் தடுத்து ஆட்கொண்டவர்கள் தோழர்கள் ஆகவில்லை.

பிரிட்டிஷ் ஆட்சி 1843-ல் சட்டம் போட்டு, அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. 1862-ல் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டம் ஆளை வாங்கி விற்பதைக் குற்றமாக்கியது. ஏட்டில் அடிமைமுறை ஒழிந்தது. செங்கல்பட்டுச் சீமையின் கிராமங்களில் மிராசுதார் அப்படியே இருந்தார். சேரியும் அப்படியே இருந்தது. அடிமை என்ற பெயர் போய், படியாள் என்ற பெயர் நின்றது. முன்பு ஓலை கட்டியதை இப்போது கடன் கட்டியது.

எந்தக் கடன்? இங்கேதான் டீக்கடைப் பெரியவருக்கு நாங்கள் சொல்ல வேண்டிய செய்தி இருக்கிறது. ஒரு படியாள் மிராசுதாரிடம் முதலில் கைநீட்டியது பெரும்பாலும் கல்யாணத்துக்காக. பிறகு வீட்டில் யாராவது நோயில் விழுந்ததற்காக. செத்தவர்களை அடக்கம் செய்வதற்காக. சில பத்து ரூபாய்கள்தான். அதற்கு ஈடாக வைக்க நிலம் இல்லை, நகை இல்லை. இருந்தது உழைக்கும் உடம்பு ஒன்றுதான். உடம்பை ஈடு வைத்தார்கள். படிநெல் வயிற்றுக்கே போதாதபோது கடன் எப்படித் தீரும்? அவன் செத்த பிறகு மகன் அதே பண்ணையில் அதே கணக்கில் நின்றான்.

குடும்பப் பொறுப்பைத் தட்டிக் கழித்தவன் படியாள் ஆகவில்லை. மகளைக் கட்டிக்கொடுக்க நினைத்தவன், தாய்க்கு மருந்து வாங்க நினைத்தவன், தகப்பனை மரியாதையோடு மண்ணுக்குள் வைக்க நினைத்தவன்தான் படியாள் ஆனான். பொறுப்பு இல்லாததால் எங்கள் பாட்டன்கள் விடுதலையை இழக்கவில்லை. பொறுப்பை நிறைவேற்றியதால் இழந்தார்கள்.

கலெக்டர் எழுதியது

இதை நாங்கள் மட்டும் சொல்லவில்லை. 1891-ல் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் ட்ரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். கிராமம் கிராமமாக என்ன நடக்கிறது என்று எழுதினார். தரிசு நிலம் கேட்டு ஒரு சேரிக்காரர் விண்ணப்பித்தால் மிராசுதார்கள் தங்கள் முன்னுரிமையைக் காட்டித் தடுத்தார்கள். குடியிருக்கும் குடிசையின் மண்கூடச் சேரிக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் மனையைக் காலி செய் என்ற ஒரு மிரட்டலே போதும். கடன் ஒரு கையைக் கட்டியது, மனை மறு கையைக் கட்டியது. மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறிய எத்தனையோ பேர் அந்த இரண்டு கட்டுகளிலிருந்தும் தப்பி ஓடியவர்கள்.

ட்ரெமென்ஹீர் கேட்டதையெல்லாம் அரசு கொடுத்துவிடவில்லை. மிராசுதாரைப் பகைத்துக்கொள்ள வருவாய்த் துறைக்கு விருப்பமில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. 1010, 1010-ஏ என்று நம் இயக்கத்துப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்களே, அதுதான். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படை செய்யப்படும். 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் ஒப்படை செல்லாது. பஞ்சமர்களுக்குக் கொடுத்த நிலம் என்பதால் பஞ்சமி நிலம் என்று பெயர் நின்றது. மாநிலம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் வைக்கும் கணக்கு.

அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். விற்கக் கூடாது என்று ஏன் எழுத வேண்டும்? கல்யாணம் வரும், காய்ச்சல் வரும், அன்று மிராசுதார் வட்டிக் கணக்கோடு வந்து நிற்பார் என்று எழுதியவர்களுக்குத் தெரியும். நிலத்தைப் பாதுகாக்க எழுதிய நிபந்தனை போலத் தெரிகிறது. உண்மையில் அது குடும்பக் கடமைக்கும் அடிமைத்தனத்துக்கும் நடுவே கட்டிய ஒரு சுவர். திருமுக்கூடல் கல்வெட்டில் வேத மாணவனுக்குச் செய்த ஏற்பாட்டின் மிகச் சிறிய ஒரு பங்கு, எட்டு நூற்றாண்டுகள் கழித்து, எங்களுக்கு ஒரு காகிதத்தில் கிடைத்தது.

அடுத்த ஆண்டே, 1893-ல், இதே செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். பெயரிலேயே விலை. எங்கள் முன்னோர் பத்திரிகைக்கு ஒரு பைசா கொடுக்கக்கூடியவர்கள் என்று அவர் நம்பினார். அவர்களும் கொடுத்தார்கள். சிக்கனமான வரும்படியில் அறிவுக்கு ஒரு பைசா ஒதுக்கிய சமூகத்தைப் பார்த்துத்தான் பொறுப்பற்றவர்கள் என்கிறார்கள்.

எங்கள் வீட்டுக் கதை

எங்கள் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கணக்குத் தெரியும். அவருடைய தகப்பனார், அதாவது எங்கள் பூட்டன், தன் கல்யாணத்துக்குப் பக்கத்து ஊர்ப் பெரிய வீட்டில் கடன் வாங்கினார். ஒரு புடவை, ஒரு வேட்டி, தாலிக்குக் குந்துமணி அளவு பொன், ஒருவேளைச் சோறு. "அந்தச் சோத்தத் தின்னவங்க எல்லாம் மறுநாளே மறந்துட்டாங்க. எங்கப்பா சாவுறமட்டும் அதுக்கு உழைச்சாரு" என்பார் பாட்டி. எட்டு வயதில் பாட்டியும் அதே வீட்டு மாடுகளை மேய்த்தார். கூலி கிடையாது, வட்டிக்குக் கழியும். அசல் எவ்வளவு என்று அவர் கேட்டதே இல்லை. கேட்கலாம் என்பதே தெரியாது.

1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது பாட்டிக்கு 40 வயதுக்கு மேல். அதற்குள் எங்கள் பூட்டன் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. சட்டம் கடனைத் தள்ளுபடி செய்தது. உழைத்த ஆண்டுகளைத் திருப்பித் தர எந்தச் சட்டத்தாலும் முடியாது.

சமூகவியல் படித்தபோது 'தலைமுறை வறுமை' என்று ஒரு பாடம் வந்தது. வகுப்பில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எங்களுக்கு நினைவு வந்தது பாட்டி மேய்த்த மாடுகள்தான்.

பட்டுக்குப் பின்னால்

காஞ்சிபுரம் என்றால் உலகத்துக்குப் பட்டு. தேவாங்கர், சாலியர், செங்குந்தர் என்று நெசவுக் குடிகளின் நகரம். தறி எங்கள் குலத்தொழில் அல்ல. ஆனால் தறிக்குக் குழந்தைக் கைகள் தேவைப்பட்டபோது எங்கள் தெருக்களுக்கும் ஆள் வந்தது. முன்பணம் கொடுத்துப் பிள்ளையைக் கொண்டுபோவார்கள். கடன் தீரும்வரை பிள்ளை தறியில் உட்கார வேண்டும்.

இதுவும் புதிதல்ல. பெற்றோர் பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்க 1933-லேயே தனிச் சட்டம் வந்தது. சட்டம் வந்து 70 ஆண்டுகள் கழித்து, 2003-ல், பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. அந்தப் பிள்ளைகளில் தலித் பிள்ளைகள் நிறைய என்றும் அது சொன்னது. தொண்டு நிறுவனங்களும் அரசும் சேர்ந்து பல பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்திருக்கின்றன. இப்போது நிலைமை பெருமளவு மாறியிருக்கிறது. ஆனால் செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் வேலை என்று இடம் மாறி, இருளர் குடும்பங்கள் அதே முன்பணத்தில் சிக்குவதைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் பணியாற்றும் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பிள்ளையை அடகு வைத்தானே, அவனுக்கா பொறுப்பு என்று கேட்பார்கள். நாங்களும் கோபத்தோடு கேட்டிருக்கிறோம், மறைக்கவில்லை. ஆனால் அந்த வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து முன்பணம் எதற்குச் செலவானது என்று கேட்டால், வருகிற பதில் அதே மூன்றுதான். அக்காள் கல்யாணம். அம்மா ஆஸ்பத்திரி. பழைய கடன்.

நம்மிடம் குறையே இல்லையா?

இருக்கிறது. இதை நாமே பேசாவிட்டால் பெரியவரின் பேச்சுக்குப் பதில் சொல்லும் தகுதி நமக்கு இல்லை.

கூலியில் பாதியை டாஸ்மாக்கில் விட்டுவிட்டு வரும் ஆண்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். குடும்பப் பொறுப்பு என்று நாம் சொல்லும்போதெல்லாம் அதைத் தூக்குவது பெரும்பாலும் பெண்கள். குழுக்கடன் அவள் பெயரில். வாரத் தவணைக்கு வீட்டு வாசலில் வந்து உட்காருபவனுக்குப் பதில் சொல்வதும் அவள்தான். அந்தப் பணத்தில் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு ஃபிளெக்ஸ் பேனர் வைத்துப் படம் போட்டுக்கொள்வது மாமன்மார். கடன் வசூலிப்பவர்களின் வன்முறையைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்ற வேண்டிய அளவுக்கு அந்த வாசல்கள் இருந்தன.

1942-ல் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கர் என்ன சொன்னார்? திருமணம் ஒரு பெரும் சுமை, பொருளாதாரத்தில் காலூன்றும் முன் அதைப் பிள்ளைகள் தலையில் ஏற்றாதீர்கள் என்றார். சமூகத்தில் நமக்குச் சமத்துவம் வேண்டும் என்று மட்டும் பேசியிருந்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. கல்யாணச் செலவின் வழியாகத்தான் அடிமைத்தனம் வீட்டுக்குள் வருகிறது என்பது அவருக்குத் தெரியும். நம் ஊரில் பெரியார் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திக் காட்டினார். காஞ்சிபுரத்துப் பிள்ளை அண்ணா முதலமைச்சரான 1967-ல் அதற்குச் சட்ட ஏற்பு கொடுத்தார். புரோகிதர் இல்லாமல், கடன் இல்லாமல், இரண்டு மாலையில் கல்யாணத்தை முடிக்க நமக்குச் சட்டம் இருக்கிறது. அம்பேத்கர் படத்தைப் பத்திரிகையில் அச்சிட்டு, மண்டபத்துக்கு வட்டிக்கு வாங்குகிறோம். யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனால் ஒன்று. எளிமையாக வாழு என்று இல்லாதவனுக்கு மட்டும் உபதேசம் செய்வது அறம் ஆகாது. பெரிய வீட்டுக் கல்யாணத்தில் பத்து வகைக் கூட்டு பொரியல் வைத்தால் அது கௌரவம். சேரியில் பிரியாணி போட்டால் ஊதாரித்தனம். 365 நாளும் குனிந்தவன் ஒருநாள் மாலை போட்டு நிமிர நினைக்கிறான் என்பதையும் புரிந்துகொண்டுதான் நாம் அவனிடம் சிக்கனம் பேச வேண்டும்.

ஓட்டும் நிலமும்

உத்திரமேரூர் கேட்ட கால் வேலியை வெள்ளைக்காரன் ஆட்சியும் வேறு பெயரில் கேட்டது. சொத்தும் வரியும் இருந்தவனுக்குத்தான் ஓட்டு. அதனால்தான் 1920-ல் எம்.சி. ராஜாவும், 1923-ல் இரட்டைமலை சீனிவாசனும் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினர்களாகத்தான் போக முடிந்தது. நம்மவர்க்கு ஓட்டு இருந்தால்தானே தேர்ந்தெடுக்க? நியமனத்தில் போன சீனிவாசன், 1924-ல் பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பிறகு வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் அவரும் வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை கேட்டார்கள். நிலம் இல்லாதவனுக்கும், படிக்காதவளுக்கும். அரசியல் சட்டம் அதைக் கொடுத்தது. கால் வேலித் தகுதி போனது. கால் வேலி நிலம் மட்டும் வரவில்லை.

1994 அக்டோபர் 10. இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய மக்கள் மீது செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அரசாணை வந்து 102 ஆண்டுகள் கழித்து, அந்த அரசாணையை நிறைவேற்று என்று கேட்டதற்கு. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் வீரவணக்கம் செலுத்துகிறோம். அவர்களும் பிள்ளைகளுக்கு நிலம் விட்டுப்போக வேண்டும் என்று நினைத்தவர்கள்தான். இதைவிடப் பெரிய குடும்பப் பொறுப்பை யாராவது காட்ட முடியுமா?

2019-ல் 'அசுரன்' படம் வந்தபோது பஞ்சமி நிலம் எல்லோர் வாயிலும் அடிபட்டது. கட்சிகள் ஒன்றையொன்று பார்த்து, உன் கட்டடம் நிற்பது பஞ்சமி நிலம், உன் பங்களா நிற்பது பஞ்சமி நிலம் என்றன. எல்லோருக்கும் அடுத்தவர் வாசலில் மட்டுமே பஞ்சமி நிலம் தெரிந்தது. ஆட்சிக்கு வந்தவர்கள் குழு போட்டார்கள். நிலம் வரவில்லை.

2023 செப்டம்பர் 15 அன்று இதே காஞ்சிபுரத்தில்தான் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கினார்கள். மாதம் 1,000 ரூபாய். அதை இலவசம் என்று ஏளனம் செய்பவர்களோடு நாங்கள் இல்லை. வீட்டுக்குள் பெண் செய்யும் உழைப்புக்குக் கூலி என்றும், அது உரிமை என்றும் ஓர் அரசு சொன்னது சரி. 2009 முதல் வந்த மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். வேத மாணவர்களுக்கு மட்டும் இருந்த ஆதுலர் சாலையின் கதவு நமக்கும் கொஞ்சம் திறந்தது. ஆனால் ஆயிரம் ரூபாய் தவணைக்குப் போகிறது. காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியின் பில்லைத்தான் கட்டும், படுத்திருந்த நாளின் கூலியைக் கட்டாது. திருமுக்கூடலுக்கு வயலைக்காவூரின் வருவாய் இருந்ததுபோல், ஒவ்வொரு சேரிக்குப் பின்னாலும் ஒரு நிலம் நின்றால்தான் இந்த உதவிகள் நிலைக்கும்.

எனவே வேலை நம் கையிலும் இருக்கிறது. உங்கள் கிராமத்து 'அ' பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இப்போதைய பதிவேட்டோடு நிற்காதீர்கள், 1980-களில் நில ஆவணங்களைத் திருத்தி எழுதிய யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய பழைய பதிவேட்டையும் கேளுங்கள். பழையதில் நிபந்தனை ஒப்படை என்று இருந்தது புதியதில் சாதாரணப் பட்டாவாக மாறிய சர்வே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுமனைப் பட்டா வரும்போது பெண்கள் பெயரில் கேளுங்கள். கல்யாணத்தைப் பதிவு அலுவலகத்தில் முடித்துவிட்டு, மண்டபப் பணத்தைப் பிள்ளையின் படிப்புக்கு எடுத்து வையுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அம்பேத்கர் சிலைக்கு மாலை போடுவீர்களா என்று கேட்காதீர்கள். அதைக் கண்டிப்பாகப் போடுவார். எங்கள் ஊர்ப் பஞ்சமி நிலத்தின் சர்வே எண் தெரியுமா என்று கேளுங்கள்.

அடுத்த மாட்டுப்பொங்கலுக்கும் அந்தப் பெரியவர் டீக்கடைக்கு வருவார். நாங்களும் போவோம். சண்டை போடுவதற்காக அல்ல. "ஐயா, எங்க பூட்டன் பொறுப்பானவர். அதனாலதான் சாகும்வரை அடிமையா இருந்தார்" என்று சொல்லிவிட்டு, அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போய் அந்தச் சுவரைக் காட்டுவோம். 90 கலம், 30 கலம், 15 கலம் என்று எண்ணிக்கொண்டே வரட்டும். நெல்லை விளைத்தவனின் பங்கு எங்கே என்று அவரே கேட்பார் என்ற நம்பிக்கை எங்களுக்கு இருக்கிறது.